போனை ஆட்டினால் ஆப்புக்குப் புரிய வேண்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர், புதுச்சேரி பக்கத்துக் கல்லூரிகளில் இறுதியாண்டு ப்ராஜெக்ட் செய்யும் பிள்ளைகளுக்கு அவ்வப்போது வழிகாட்டுகிறேன். போனைக் குலுக்கினால், கவிழ்த்தால், காற்றில் கோடு இழுத்தால் ஆப் ஏதாவது செய்ய வேண்டும் என்கிற வகை ப்ராஜெக்ட் வருடா வருடம் வருகிறது. கேள்விகளும் ஏறக்குறைய அதேதான். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். பெரும்பாலும் ஆண்ட்ராய்டை மனத்தில் வைத்து எழுதியது. ஐபோனும் பிரௌசரும் வேறுபடும் இடங்களில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

போனுக்குள் எது அசைவைக் கண்டுபிடிக்கிறது?

மூன்று சென்சார்கள்: ஆக்ஸிலரோமீட்டர், கைரோஸ்கோப், காந்தமானி. ஆக்ஸிலரோமீட்டருக்குள் சிலிக்கனில் செதுக்கிய மிகச் சிறிய எடை ஒன்று நுண்ணிய ஸ்பிரிங்குகளில் நிற்கிறது. போனை இழுத்தால் அந்த எடை சற்றுப் பின்தங்கும். அப்போது பக்கத்துத் தகடுகளோடு அதற்குள்ள இடைவெளி மாறும், அதனால் மின்தேக்குத்திறன் மாறும். சிப் அந்த மாற்றத்தைத்தான் எண்ணாக்கித் தருகிறது. கைரோவில் எடை எப்போதும் அதிர்ந்துகொண்டே இருக்கும். போனைச் சுழற்றினால் கோரியோலிஸ் விசை அதைப் பக்கவாட்டில் தள்ளும். எவ்வளவு தள்ளுகிறது என்பதிலிருந்து நொடிக்கு எத்தனை ரேடியன் திரும்புகிறோம் என்று கணக்கிடுகிறார்கள்.

காந்தமானி திசை சொல்லும். போனை ஆட்டிச் செய்யும் சைகைக்கு அது அநேகமாகத் தேவையில்லை. பஸ்ஸுக்குள் ஏறினால் சுற்றியிருக்கும் இரும்பு அதைக் குழப்பிவிடும்.

மேசையில் சும்மா கிடக்கும் போன் 9.8 காட்டுகிறது. சென்சார் பழுதா?

பழுதில்லை. ஆக்ஸிலரோமீட்டர் அசைவை மட்டும் அளப்பதில்லை, போனைக் கீழே விழாமல் மேசை தாங்குகிறதே, அந்தத் தாங்கலையும் சேர்த்துத்தான் அளக்கிறது. கையிலிருந்து நழுவி விழும்போது எண் ஏறக்குறைய பூஜ்யத்துக்குப் போகும். போன் விழுவதைக் கண்டுபிடிக்கும் ஆப்கள் இந்தப் பூஜ்யத்தைத்தான் தேடுகின்றன.

இன்னொன்று. புவியீர்ப்பு முடுக்கத்துக்கு ஆண்ட்ராய்டில் மாறிலியாகக் கொடுத்திருப்பது 9.80665 மீ/நொடி². நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், 12 டிகிரி அட்சரேகையை ஒட்டி இருப்பதால் புதுச்சேரியில் உண்மையான மதிப்பு சுமார் 9.78. போன் 9.6 என்றோ 10 என்றோ காட்டினால் பழியை ஊரின் மேல் போடாதீர்கள், அது சிப்பின் சொந்தப் பிழை. சைகைக்கு இதெல்லாம் பெரிய விஷயமில்லை. புவியீர்ப்பைக் கழித்துவிட்ட அளவைச் சிஸ்டமே 'லீனியர் ஆக்ஸிலரேஷன்' என்ற பெயரில் தருகிறது. அது இல்லாத போனில் மெதுவாக மாறும் பகுதியை ஒரு லோ-பாஸ் ஃபில்டரால் பிரித்து, அதையே கழித்துக்கொள்ளலாம்.

எக்ஸ், ஒய், இசட் எந்தப் பக்கம்?

போனை நேராகப் பிடித்தால் எக்ஸ் வலப்பக்கம், ஒய் மேல்பக்கம், இசட் திரையிலிருந்து உங்கள் முகத்தை நோக்கி. திரையைப் படுக்கைவசமாகத் திருப்பினாலும் அச்சுகள் திரும்பாது, அவை போனோடு ஒட்டியவை. பாதிப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

என் போனில் கைரோ இல்லை. ப்ராஜெக்டை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். விலை குறைந்த போன்கள் பலவற்றில் கைரோ கிடையாது, உங்கள் ஆப்பைப் பயன்படுத்தப்போகிறவர்களில் பலரிடமும் அதே போன்தான் இருக்கும். குலுக்குவது, கவிழ்ப்பது, தட்டுவது மூன்றுக்கும் ஆக்ஸிலரோமீட்டர் போதும். மணிக்கட்டைத் திருகுவதுபோன்ற சைகைகளுக்குத்தான் கைரோ வேண்டும்.

முதலில் எந்தச் சைகையில் ஆரம்பிப்பது நல்லது?

போனைக் கவிழ்த்து வைத்தால் சைலன்ட் ஆவது. இசட் மதிப்பு +9.8 பக்கத்திலிருந்து −9.8 பக்கத்துக்குப் போய் அரை நொடி அங்கேயே நிற்கிறதா என்று பார்த்தால் முடிந்தது. திரைக்கு அருகே ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கும் ப்ராக்ஸிமிட்டி சென்சாரும் மூடியிருக்கிறதா என்று சேர்த்துப் பார்த்தால் பொய்யான தூண்டல் அநேகமாக வராது.

அடுத்தது குலுக்கல். அரை நொடி நீளச் சாளரம் ஒன்றை, அதாவது கடைசி அரை நொடியில் வந்த அளவுகளை, வைத்துக்கொள்ளுங்கள். மூன்று அச்சுகளையும் வர்க்கம் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். சாளரத்திலுள்ள மாதிரிகளில் (சென்சார் ஒருமுறை தரும் அளவு ஒரு மாதிரி) முக்கால்வாசி 13ஐத் தாண்டினால் குலுக்கல் என்று கொள்ளலாம். போனை மேசையில் தொப்பென்று வைப்பது ஒரே ஒரு முள்ளாகத் தெரியும், முக்கால்வாசியை எட்டாது. அதனால்தான் ஒரு மாதிரியை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது என்கிறேன்.

அப்புறம், குலுக்கல் கிடைத்ததும் போனை அதிர வைத்துப் பதில் கொடுப்பீர்கள் அல்லவா? அந்த அதிர்வையும் ஆக்ஸிலரோமீட்டர் படிக்கும், ஆப் தன்னையே மறுபடி தூண்டிக்கொள்ளும். ஒருமுறை தூண்டியபின் ஒரு நொடி காதை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள்.

வகுப்பில் ஒழுங்காக வேலை செய்த ஆப் பஸ்ஸில் தானாகவே ஆன் ஆகிறது. ஏன் சார்?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். கையை ஆட்டியதைக் கண்டுபிடிக்க ஒரு சாயங்காலம் போதும். ஆட்டாதபோது சும்மா இருக்க வைப்பதற்குத்தான் மீதி செமஸ்டர். ஒருவர் ஒரு நாளில் போனை வேண்டுமென்றே குலுக்குவது ஓரிரு முறை. மற்ற நேரமெல்லாம் அது பாக்கெட்டிலும் கைப்பையிலும் ஸ்கூட்டர் பெட்டியிலும் கிடந்து வேறு வேறு காரணங்களுக்காக ஆடிக்கொண்டிருக்கிறது.

கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் பஸ் ஆல்பேட்டை செக்போஸ்ட் பக்கம் நிற்கிறது, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். ஐடிலில் நிமிடத்துக்கு 600 சுற்று என்றால் நொடிக்கு 10. ஆறு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு மூன்று வெடிப்பு. ஆக ஜன்னல் கம்பியும், அதில் சாய்ந்திருக்கும் உங்கள் கையும், கையிலுள்ள போனும் நொடிக்கு 30 முறை நடுங்குகின்றன. ஆண்ட்ராய்டு தரும் சென்சார் வேகத் தேர்வுகளில் 'யூஐ' என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தால் 60 மில்லிநொடிக்கு ஒரு மாதிரி கேட்டிருக்கிறீர்கள், அதாவது நொடிக்குச் சுமார் 16.7. 30 ஹெர்ட்ஸ் நடுக்கத்தை அந்த வேகத்தில் பதிவு செய்தால், இரண்டு மாதிரிகளுக்கு நடுவே நடப்பது தெரியாமல் போவதால், அது 3.3 ஹெர்ட்ஸ் ஆட்டமாக வேஷம் போட்டுக்கொண்டு வரும். மனிதர் கை குலுக்கும் வேகமும் நொடிக்கு மூன்று முதல் ஆறு முறைதான்! நடுக்கத்தின் அளவு சிறியதுதான். ஆனால் 'பாட்டி மெதுவாக ஆட்டினாலும் எடுக்க வேண்டும்' என்று வரம்பை இறக்கி வைத்திருப்பீர்கள், அங்கே மாட்டிக்கொள்வீர்கள். சில சிப்புகள் இந்த வேஷத்தை உள்ளேயே வடிகட்டிவிடும், எல்லாப் போனிலும் அது ஒரே மாதிரி நடப்பதில்லை.

வழி: 'கேம்' வேகம் கேளுங்கள். அது 20 மில்லிநொடி, நொடிக்கு 50 மாதிரி. அதே நடுக்கம் இப்போது 20 ஹெர்ட்ஸாகத் தெரியும், ஒரு சாதாரண ஃபில்டரிலேயே அடிபட்டுப்போகும். கை அசைவில் 10 ஹெர்ட்ஸுக்கு மேல் விஷயம் அதிகம் இல்லை என்பதால் 50 நமக்குப் போதும். கேட்ட வேகத்திலேயே சரியாக வரும் என்று மட்டும் நம்பாதீர்கள், அது சிஸ்டத்துக்கு நாம் சொல்லும் ஒரு குறிப்புதான். ஒவ்வொரு மாதிரியுடனும் நானோநொடியில் நேரமுத்திரை வருகிறது. அதை வைத்துச் சம இடைவெளிக்கு மாற்றிக்கொண்ட பிறகு கணக்குப் போடுங்கள்.

அடுத்து, 'ஒன்றுமில்லை' என்ற பெயரில் தனியாக ஒரு தரவு சேருங்கள். ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் வழியாகப் பஸ்ஸில் ஒருமுறை. வேகத்தடைகளில் மொபெட்டில் ஒருமுறை. சில்வர் பீச் மணலில் ஓடி. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தைக் கூட்டத்தில் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நடந்து. மாடிப்படி ஏறி. பாக்கெட்டிலிருந்து போனை வெடுக்கென்று உருவி. (கடைசியதைத்தான் எல்லாரும் மறப்பார்கள். குலுக்கலோடு அதிகம் குழம்புவதும் அதுதான்.) குலுக்கல் மாதிரிகளைவிட இந்தப் பதிவு பல மடங்கு நீளமாக இருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் 'துல்லியம் இத்தனை சதவீதம்' என்று எழுதுவதற்கு முன்னால் 'ஒரு மணி நேரப் பஸ் பயணத்தில் எத்தனை பொய்த் தூண்டல்' என்று எழுதுங்கள்.

அப்பா ஃபைபர் படகில் போகிறார். கை ஈரமாக இருப்பதால் டச் வேலை செய்வதில்லை. குலுக்கினால் அவசரச் செய்தி போகிற மாதிரி செய்யலாமா?

தேவனாம்பட்டினம் பக்கத்திலிருந்து வந்த பிள்ளை கேட்டது. இந்தச் சென்சார்களுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை குறைவு. திரை மின்தேக்குத்திறனில் இயங்குவது, உப்புத்தண்ணீர் பட்டால் விரல் எது, துளி எது என்று அதற்குத் தெரியாது. ஆக்ஸிலரோமீட்டருக்கு ஈரத்தைப் பற்றிக் கவலையில்லை.

படகிலும் மூன்று அசைவுகள் கலந்து வரும். அலையில் படகு ஏறி இறங்குவது சில நொடிகளுக்கு ஒருமுறை, ஒரு ஹெர்ட்ஸுக்கும் கீழே. இன்ஜின் நிமிடத்துக்கு 1,500 சுற்று என்றால் நொடிக்கு 25. கை குலுக்கல் இரண்டுக்கும் நடுவில். ஆகவே இரண்டு ஹெர்ட்ஸிலிருந்து எட்டு வரை மட்டும் விடும் பேண்ட்-பாஸ் ஃபில்டர் முக்கால்வாசி வேலையை முடித்துவிடும். மிச்சம் இருப்பது அலை படகின் அடியில் 'டப்'பென்று அறைவது. அந்த அடியில் எல்லா அதிர்வெண்ணும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும், ஃபில்டருக்கு அடங்காது. ஆனால் அது ஒரு தடவைதான் அடிக்கும். ஒரே அச்சில் முன்னும் பின்னுமாகக் குறைந்தது ஐந்தாறு முறை திசை மாறினால்தான் குலுக்கல் என்று விதி வைத்தால் தப்பிக்கலாம். தூண்டியதும் உடனே செய்தி அனுப்பாமல், பத்து நொடி சத்தமாக எண்ணி, மறுபடி குலுக்கினால் ரத்தாகும்படி வையுங்கள்.

அப்பாவிடம் ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள். கரையிலிருந்து தள்ளிப்போனால் சிக்னலே இருக்காது, எவ்வளவு குலுக்கினாலும் செய்தி போகாது. ஆழ்கடலுக்கு இஸ்ரோ உருவாக்கிய, செயற்கைக்கோள் வழியாகப் பேசும் ஆபத்து அறிவிப்புக் கருவிதான் சரி. உங்கள் ஆப் கரையோரத்துக்கு மட்டும்.

முடுக்கத்தை இரண்டுமுறை தொகையிட்டால் தூரம் வருமே? காற்றில் 'அ' எழுதினால் அப்படியே வரைந்துவிடலாமே?

காகிதத்தில் வரும், போனில் வராது. சென்சாரில் 0.05 அளவுக்கு ஒரு சின்னப் பிழை நிலையாக இருக்கிறது என்று வையுங்கள். இரண்டுமுறை தொகையிட்டால் பத்து நொடியில் அது இரண்டரை மீட்டர் ஆகிவிடும். போன் சாய்ந்திருக்கும் கோணத்தை ஒரே ஒரு டிகிரி தவறாகக் கணித்தால் புவியீர்ப்பிலிருந்து 0.17 கசிந்து உள்ளே வரும், பத்து நொடியில் எட்டரை மீட்டர். உங்கள் 'அ' மஞ்சக்குப்பத்தில் ஆரம்பித்துத் தெருமுனையில் போய் முடியும். பாதையை வரையாதீர்கள். அசைவின் வடிவத்தை மட்டும் முன்பே பதிந்த மாதிரியோடு ஒப்பிடுங்கள்.

எப்படி ஒப்பிடுவது? ஒருவர் வேகமாக எழுதுகிறார், இன்னொருவர் மெதுவாக எழுதுகிறார்.

அதற்குத்தான் டைனமிக் டைம் வார்ப்பிங், சுருக்கமாக டிடிடபிள்யூ. ஒரே பாட்டை ஒருவர் இழுத்தும் இன்னொருவர் விரட்டியும் பாடினாலும் எந்த வரிக்கு எந்த வரி என்று நம் காது பொருத்திக்கொள்கிறது அல்லவா, அதே வேலை. பேச்சைப் புரிந்துகொள்வதற்காக வளர்ந்த முறை இது. சகோயே, சிபா என்ற ஜப்பானியர்கள் 1978இல் எழுதிய கட்டுரை இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. 2009இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இதையே ஆக்ஸிலரோமீட்டருக்குக் கொண்டுவந்தார்கள். 'யூவேவ்' என்று பெயர். எட்டுச் சைகைகள், ஒவ்வொன்றுக்கும் அவரவர் செய்துகாட்டிய ஒரே ஒரு மாதிரிப் பதிவை வைத்தே நல்ல துல்லியம் கிடைத்தது. ஒருவர் மாதிரியை வைத்து இன்னொருவர் சைகையைப் படித்தபோது துல்லியம் நன்றாகக் குறைந்தது. ஆகவே ஆப்பை முதல்முறை திறக்கும்போது பயனரையே சைகை செய்து காட்டச் சொல்வது நல்லது.

கணக்கு கனமானதா என்று பயப்பட வேண்டாம். இரண்டு நொடிச் சைகை, நொடிக்கு 50 மாதிரி என்றால் நூறு புள்ளி. இரண்டு சைகைகளின் புள்ளிகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட நூறுக்கு நூறு கட்டம் போட்டால் பத்தாயிரம் கட்டம். மூலைவிட்டத்துக்கு இருபுறமும் பத்துக் கட்டம் தாண்டக் கூடாது என்று கட்டுப்படுத்தினால் சுமார் 2,000. எட்டுச் சைகைக்கும் சேர்த்து 16,000. மலிவான போன்கூட இதைக் கண்மூடித் திறப்பதற்குள் செய்துவிடும். கட்டுப்பாடு வேகத்துக்காக மட்டும் இல்லை. அது இல்லாவிட்டால் டிடிடபிள்யூ எதையும் எதோடும் இழுத்துப் பொருத்திவிடும். மிக அருகில் இருக்கும் மாதிரியும் ஒரு வரம்பைத் தாண்டிய தூரத்தில் இருந்தால் 'எதுவும் இல்லை' என்று சொல்ல வையுங்கள். இந்தக் கடைசி வரி இல்லாத ப்ராஜெக்ட்கள்தான் டெமோவில் கைதட்டல் வாங்கிவிட்டு வெளியே போனதும் சொதப்புகின்றன.

டீப் லேர்னிங் போட்டால் 99 சதவீதம் வருகிறதே?

யாரை வைத்துச் சோதித்தீர்கள்? நான்கு நண்பர்களின் தரவை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறும் சாளரங்களாக வெட்டி, கலைத்துப்போட்டு, பயிற்சிக்கு எண்பது, சோதனைக்கு இருபது என்று பிரித்தால் 99 வராமல் என்ன செய்யும்? ஒரே குலுக்கலின் ஒரு பாதி பயிற்சியிலும் மறுபாதி சோதனையிலும் இருக்கிறது. ஆளை வைத்துப் பிரியுங்கள்: மூன்று பேரில் பயிற்சி, நான்காமவரில் சோதனை, பிறகு மாற்றி மாற்றி. எண் கீழே வரும், வரட்டும். வெளித் தேர்வாளர் விவரம் தெரிந்தவராக இருந்தால் இதைத்தான் முதலில் கேட்பார். இடக்கைக்காரர் ஒருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

சைகை எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று ஆப்புக்கு எப்படித் தெரியும்?

எளிய வழி, வால்யூம் பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும்போது மட்டும் கேட்பது. பட்டன் வேண்டாம் என்றால், அன்றாடத்தில் யாரும் தற்செயலாகச் செய்யாத ஓர் அசைவை வாசற்படியாக வைக்கலாம். 2011இல் 'டபுள்ஃபிளிப்' என்ற ஆய்வு இதைத்தான் முன்வைத்தது: மணிக்கட்டால் போனைச் சட்டென்று புரட்டி மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவருவது. மோட்டோ போன்களில் இரண்டுமுறை வெட்டுவதுபோல் ஆட்டினால் டார்ச் எரிகிறதே, அதிலும் அந்த 'இரண்டுமுறை'தான் காவல்காரன். 2011 டிசம்பரில் நம் இரண்டு ஊருக்கும் நடுவில் கரையேறிய 'தானே' போன்ற புயல் ஒன்று வந்து கரண்ட் போனால் இருட்டில் திரையைத் தடவாமலே டார்ச் போடலாம்.

பேட்டரி தீர்ந்துவிடுமா? திரை அணைந்த பிறகும் கேட்குமா?

ஆக்ஸிலரோமீட்டர் எடுக்கும் மின்சாரம் மிகக் குறைவு, கைரோ அதைவிட நன்றாகவே அதிகம். ஆனால் உண்மையில் பேட்டரியைக் குடிப்பது, ஒவ்வொரு மாதிரிக்கும் பிராசஸரை எழுப்புவது. திரையை விட்டுப் போகும்போது சென்சார் கேட்பதை நிறுத்துங்கள். ஆண்ட்ராய்டு 9 முதல் பின்னணியில் இருக்கும் ஆப்புக்கு இந்தச் சென்சார்கள் எண்ணே தருவதில்லை. தொடர்ந்து கேட்க வேண்டுமென்றால் மேலே நோட்டிபிகேஷன் காட்டும் ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ் வேண்டும்.

ஆப் வேண்டாம், வெப்சைட்டிலேயே செய்யலாமா?

செய்யலாம். எச்டிடிபிஎஸ் கட்டாயம். ஐபோனில் ஐஓஎஸ் 13க்குப் பிறகு பயனர் ஒரு பட்டனைத் தொட்டு அனுமதி கொடுத்தால்தான் எண்கள் வரும், பக்கம் திறந்ததும் தானாகக் கேட்டால் மறுத்துவிடும். இன்னொரு தொல்லை: புவியீர்ப்பு சேர்ந்த அளவில் சஃபாரியின் கூட்டல் கழித்தல் குறி, ஆண்ட்ராய்டு குரோமுக்கு நேர் எதிர்.

இதற்கு அனுமதி கேட்க வேண்டாம் என்கிறார்கள். அப்படியானால் ஆபத்து இல்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை. 2014இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், போனின் கைரோ பக்கத்தில் எழும் ஒலியையும் ஓரளவு பிடிக்கிறது, அதிலிருந்து பேச்சைப் பற்றிய தகவலை எடுக்கலாம் என்று காட்டினார்கள். ஆண்ட்ராய்டு 12 முதல் நொடிக்கு 200 மாதிரிக்கு மேல் வேண்டுமென்றால் தனி அனுமதியை அறிவிக்க வேண்டும். சைகைக்கு 50 போதும் என்று மேலே சொன்னேன், அதற்கு மேல் கேட்காதீர்கள். சென்சார் தரும் எண்களை அப்படியே உங்கள் சர்வருக்கு அனுப்பவும் வேண்டாம், போனிலேயே கணக்குப் போட்டு முடிவை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கை நடுங்கும் பெரியவர்கள் பயன்படுத்தினால்?

பார்க்கின்சன் நோயில் கை சும்மா இருக்கும்போது வரும் நடுக்கம் பெரும்பாலும் நொடிக்கு நான்கு முதல் ஆறு முறை, அதாவது சரியாகக் குலுக்கலின் பட்டையில். ஃபில்டரால் இதைப் பிரிக்க முடியாது. வீல்சேரில் போனை மாட்டி வைத்திருப்பவரால் ஆட்டவே முடியாது. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இணையப் பக்கங்களை அமைக்கச் சொல்லி 2018இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 விதிகளில் 2.5.4 இதைப் பற்றியதுதான்: ஆட்டிச் செய்யும் எந்த வேலைக்கும் திரையில் ஒரு பட்டனும் இருக்க வேண்டும், ஆட்டலை அணைக்கவும் வழி இருக்க வேண்டும். இரண்டையும் முதல் நாளே வைத்துவிடுங்கள்.

போனைத் தொடாமல் எதிரே கையை வீசினால்?

அது வேறு துறை. கூகுள் பிக்ஸல் 4இல் அதற்கென்று 60 கிகாஹெர்ட்ஸ் ரேடார் வைத்தார்கள். அந்த அலைவரிசைக்கு அப்போது இங்கே அனுமதி இல்லாததால் அந்தப் போன் இந்தியாவில் விற்பனைக்கே வரவில்லை.

இதே கோட் ஸ்மார்ட்வாட்ச்சில் ஓடுமா?

ஓடும், ஆனால் தப்புத் தப்பாகச் சொல்லும். நடக்கும்போது கை நொடிக்குச் சுமார் ஒருமுறை வீசுகிறது, வாட்ச்சில் அது எப்போதும் பெரிதாகத் தெரியும். இடது மணிக்கட்டா வலதா என்பதைப் பொறுத்து அச்சுகளும் மாறும். போனில் சேர்த்த தரவை வைத்து வாட்ச்சுக்குப் பழக்க வேண்டாம். மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, 'ஒன்றுமில்லை' உட்பட எல்லாவற்றையும் புதிதாகப் பதிவு செய்யுங்கள்.